மறைபணி நண்பர்களைக் காணச் செல்ல வேண்டியவர்கள் யார்?

புளத்கொகுபிட்டிய என்னும் ஊர்ப்பெயர் வெற்றிலையில் தொடங்குகிறது. 'புளத்' என்றால் சிங்களத்தில் வெற்றிலை. பெரியவர் ஒருவரைக் காணச் செல்லும் சிங்களச் சகோதரர் வெற்றிலைக் கட்டை இரு கைகளாலும் நீட்டி வணங்குவதை நாம் அறிவோம். நம் தோட்டத்து மக்களும் பெண் கேட்கப் போகும்போது தட்டில் வெற்றிலை பாக்கு இல்லாமல் படியேறுவதில்லை. வங்காளதேசத்தின் வடகிழக்கே, சில்ஹெட் மலைப்பகுதியில் வாழும் காசி இன மக்களும் அப்படித்தான். வாசலில் வந்து நிற்பவர் யாராயினும், முதலில் அவர் கையில் வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் வைக்கிறார்கள். இறந்துபோனவரைக்கூட, "கடவுளின் வாசலில் வெற்றிலை பாக்குப் போடுகிறார்" என்று சொல்வது அவர்கள் வழக்கம்.

அங்கே மறைபணியாற்றும் நம் நாட்டுக் குருக்களான நண்பர்களோடு சில நாட்கள் தங்கிவரும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. இது பயணக் கட்டுரை அல்ல. அப்பயணத்தில் நம் மனதில் எழுந்த ஒரு கேள்வியை வாசகர்கள் முன் வைப்பதே நோக்கம்: இத்தகைய பயணங்களுக்கு உண்மையில் யார் போக வேண்டும்?

முதலில் அந்த மறைபணியைப் பற்றிச் சில வார்த்தைகள். 1970களில் இலங்கையிலிருந்து அமலமரித் தியாகிகள் சபைக் குருக்கள் வங்காளதேசம் சென்றனர். அப்பணி வளர்ந்து, 2011இல் சில்ஹெட் தனி மறைமாவட்டமானது. அதன் முதல் ஆயராக அச்சபையைச் சேர்ந்த வங்காளதேசத்தவரே நியமிக்கப்பட்டார். வெளிநாட்டாரிடமிருந்து மறைபணியாளர்களைப் பெற்றுக்கொண்டு மட்டுமே இருந்த நம் திருச்சபை, தானும் கொடுக்கத் தொடங்கியதன் அடையாளம் இது.

கொடுக்கச் சென்றவர்கள் அங்கே முதலில் செய்தது மாணவர்களாக உட்கார்ந்ததுதான். பொதுமக்களோடு பேச வங்காள மொழி வேண்டும். மலைக் குடியிருப்புகளில் காசி மொழி வேண்டும். தேயிலைத் தோட்டங்களில் சாத்ரி போன்ற மொழிகள் காதில் விழுகின்றன. நமக்கு இது புதிய பாடம் அல்ல. 1687இல் கோவாவிலிருந்து கூலியாள் வேடத்தில் இத்தீவுக்கு வந்த புனித ஜோசப் வாஸ் தமிழும் சிங்களமும் கற்றார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, மற்றவர்கள் அஞ்சி ஓடிய நோயாளிகளின் பக்கத்தில் இருந்தார். 2015 ஜனவரியில் கொழும்பில் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டபோது நாம் கொண்டாடியது இந்தப் பணிவையும்தான்.

சில்ஹெட் தோட்டங்களுக்குள் நுழைந்தால் நமக்கு வழிகாட்டி தேவைப்படுவதில்லை. வரிசையாக நிற்கும் தேயிலைச் செடி, நிழல் மரம், துரை பங்களா, தொழிலாளர் லயன்: எல்லாம் நாம் கண்டவையே. அங்கே மால்னிசெரா தோட்டம் 1854இல் தொடங்கப்பட்டது. ஒரிசா, பீகார், சோட்டா நாக்பூர், ஆந்திரம் எனப் பல பகுதிகளிலிருந்து ஏழைக் குடும்பங்கள் கொண்டுவரப்பட்டன. இங்கே கங்காணி, அங்கே 'ஆர்காட்டி' எனப்பட்ட ஆள்பிடிப்பவரும் சர்தாரும். தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று நம் முன்னோரிடம் ஆசை காட்டினார்கள் என்பார்கள் நம் பெரியவர்கள். மரத்தை ஆட்டினால் காசு கொட்டும் என்று அவர்களின் முன்னோரிடம் சொன்னார்களாம். ஏமாற்றம் தாங்காமல் 1921 மே மாதம் ஆயிரக்கணக்கானோர் தோட்டங்களை விட்டு ஊர் திரும்பப் புறப்பட்டனர். சாந்த்பூரில் அவர்கள் மீது ஆயுதப் படை ஏவப்பட்டு உயிர்கள் பறிக்கப்பட்டன. ஆண்டுதோறும் மே 20ஆம் நாளை அத்தொழிலாளர்கள் நினைவுகூருகிறார்கள்.

அவர்களின் உணவில் ஒன்று நம்மை வெகுநேரம் சிந்திக்க வைத்தது. பச்சைத் தேயிலைக் கொழுந்தைக் கையால் கசக்கி, வெங்காயம், பச்சை மிளகாய், அவித்த உருளைக்கிழங்கு, கடுகெண்ணெய் சேர்த்துப் பிசைகிறார்கள். மலையில் மதிய நேரத்தில் சோற்றுக்கோ ரொட்டிக்கோ அதுதான் கறி. நம் தோட்டங்களில் கொழுந்தைச் சம்பலாக்கித் தின்பதை நாம் கண்டதில்லை. சுவையாகத்தான் இருந்தது. ஆனால் வேறு கறி வாங்க வழியில்லாத கைகள் கண்டுபிடித்த சுவை அது. விருந்தாளியாகச் சுவைத்துப் பாராட்டிவிட்டு, அதன் பின்னால் இருக்கும் கூலியைப் பற்றிக் கேட்காமல் வந்தால் நாம் பண்பாட்டை அனுபவித்தவர்கள் ஆகமாட்டோம். வேடிக்கை பார்த்தவர்களே ஆவோம்.

இங்குதான் நம் கேள்வி வருகிறது. மறைபணி நண்பர்களைப் பார்க்க இதுவரை கடல் கடந்து சென்றவர்கள் பெரும்பாலும் குருக்களும் துறவியரும் அபிவிருத்தி நிறுவன அலுவலர்களுமே. நாங்கள் திரும்பி வந்து அறிக்கை எழுதுகிறோம். கருத்தரங்கில் படம் காட்டுகிறோம். ஆனால் புளத்கொகுபிட்டியத் தோட்டமொன்றில் கூடை சுமக்கும் அக்கா ஒருவர் அங்கு போயிருந்தால் என்ன கேட்டிருப்பார், எதைப் பார்த்திருப்பார்?

முதலாவதாக, சம்பளத்தைப் பற்றிக் கேட்டிருப்பார். நாளொன்றுக்கு 120 டாக்கா பெற்ற அத்தொழிலாளர்கள் 2022 ஆகஸ்டில் 300 டாக்கா கேட்டு வேலைநிறுத்தம் செய்து, 170 டாக்கா பெற்றார்கள். இங்கே 1,000 ரூபாய்க்காக ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்து, 2021 மார்ச்சில்தான் அது வர்த்தமானியில் வந்தது. பேசியதற்கும் கைக்கு வந்ததற்கும் இடையில் என்ன நடக்கிறது, எத்தனை கிலோ பறித்தால் முழுப் பேர், கிலோ குறைந்தால் என்ன வெட்டு என்பதை ஒரு கொழுந்துக்காரி இன்னொரு கொழுந்துக்காரியிடம் கேட்கும் விதமே வேறு.

இரண்டாவதாக, மலையைப் பார்த்திருப்பார். காசி மக்கள் 'புஞ்சி' எனப்படும் குடியிருப்புகளில் வாழ்கிறார்கள். அவர்களின் வாழ்வாதாரம் வெற்றிலை. அதற்காக அவர்கள் காட்டை வெட்டிச் சாய்ப்பதில்லை. நிற்கும் மரங்களிலேயே கொடியை ஏற்றுகிறார்கள். வெளிச்சத்துக்காகக் கிளைகளை மட்டும் கழிக்கிறார்கள். கழித்த இலைதழையே எரு. வேர்கள் மண்ணைப் பிடித்து நிற்கின்றன. 2016 மே மாதம் கேகாலை மாவட்டத்தில் மண் சரிந்தபோது அரநாயக்கவிலும் புளத்கொகுபிட்டியவிலும் உயிர்கள் புதைந்தன. ஒவ்வொரு மழைக்கும் லயனுக்கு மேலே உள்ள சரிவை அண்ணாந்து பார்த்துக்கொண்டு விழித்திருக்கும் ஒரு தாய், மரங்கள் நிற்கும் அந்த மலையைப் பார்க்கும் பார்வை நம் பார்வையாக இருக்க முடியாது.

மூன்றாவதாக, பெண்களைப் பார்த்திருப்பார். காசி மக்களிடையே பிள்ளைகள் தாயின் குலத்தைச் சேர்ந்தவர்கள். குடும்பச் சொத்து இளைய மகளிடம் போகிறது. ஆனாலும் புஞ்சியின் தலைவரான 'மந்திரி' பெரும்பாலும் ஆண்தான். நம் தோட்டங்களிலோ மனைவி உழைத்த சம்பளத்தைக் கணவன் போய் வாங்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. சொத்துரிமை இருந்தும் மந்திரி ஆகாத பெண்ணும், உழைப்பு இருந்தும் சம்பளத்தைக் கண்ணால் காணாத பெண்ணும் ஒரே பாயில் உட்கார்ந்து பேசினால், நாம் நடத்தும் பல பெண்கள் விழிப்புணர்வுக் கருத்தரங்குகளைவிட அது பயன் தரும்.

இதற்குத் தடைகள் சொல்லப்படும் என்பதை அறிவோம். "விமான டிக்கட்டுக்குப் பணம் எங்கே? வேலைக்குப் போகாத நாளுக்குப் பேர் யார் போடுவார்? கடவுச்சீட்டே இல்லையே? மொழி தெரியாதே?" எல்லாம் நியாயமான கேள்விகள். ஆனால் டிக்கட் விலை குருவுக்கும் தொழிலாளிக்கும் ஒன்றுதான். இழந்த நாட்கூலியைப் பயணச் செலவோடு சேர்த்துக் கொடுப்பது கடினமல்ல. மொழிக்கு அங்கே ஆண்டுக்கணக்கில் உழைத்துக் கற்ற நம் நண்பர்கள் இருக்கிறார்கள். மறைபணியாளர் இதைவிட நல்ல பாலமாக எப்போது இருக்க முடியும்? கடவுச்சீட்டைப் பொறுத்தவரை ஒன்று சொல்வோம். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, நாடற்றவர் என்ற பெயரோடு வாழ்ந்து, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே அப்பெயர் நீங்கப்பெற்ற சமூகம் இது. அச்சமூகத்தின் பெண் ஒருவர் தன் பெயரில் கடவுச்சீட்டு எடுப்பதே ஓர் அபிவிருத்தித் திட்டம் அல்லவா?

இன்னொரு ஆபத்தும் உண்டு. உதவி செய்பவர்களாகப் போவது. பெட்டி நிறையப் பரிசும் கழுத்தில் கமெராவுமாகப் போகிறவர் முன், வீட்டுக்காரர் வாங்குகிறவர் ஆகிவிடுகிறார். வெற்றிலை தரும் கையைத் தாழ்த்தி, நம் கையை உயர்த்துவது விருந்தோம்பலுக்குச் செய்யும் மரியாதை அல்ல. ஆகவே முதல் பயணத்தில் கொடுப்பதற்கு எதுவும் கொண்டுபோக வேண்டாம். கொடுத்ததை உண்டு, அவர்கள் படுக்கும் இடத்தில் படுத்து, அவர்களோடு மலைக்குப் போய் வந்தால் போதும்.

நம் முன்மொழிவு இதுதான். 1995இல் உருவான இரத்தினபுரி மறைமாவட்டத்தில் இரத்தினபுரி, கேகாலை இரு மாவட்டத் தோட்டங்களும் அடங்கும். இங்குள்ள பங்குகள் சிலவாவது ஒன்றுசேர்ந்து, அடுத்த பயணத்தில் இரண்டு கொழுந்துக்காரிகளையும் ஓர் இறப்பர் பால்வெட்டும் தொழிலாளியையும் சில்ஹெட்டுக்கு அனுப்பட்டும். குரு ஒருவர் துணையாகப் போகட்டும். அறிக்கையை அவர் எழுத வேண்டாம். திரும்பி வந்தவர்கள் பிரட்டுக்களத்திலும் கோவில் முற்றத்திலும் தாங்களே சொல்லட்டும். அடுத்த ஆண்டு அங்கிருந்து மூவர் இங்கே வரட்டும். அவர்களை மறைமாவட்ட இல்லத்தில் அல்ல, லயனில் தங்க வைப்போம். பக்கத்துக் கிராமத்துச் சிங்களக் குடும்பங்களையும் அழைப்போம். வெற்றிலை கொடுத்து வரவேற்பது எப்படி என்று அவர்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும், வருகிறவர்களுக்கும் தெரியும். அந்த மொழியை யாரும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை.