நெருப்புக்குமா தேச பேதம்?

மோட்டார் எஞ்சினுக்குள் சதா தீ எரிகிறது. அதைத் தணிக்க ரேடியேட்டர் தண்ணீர் சுற்றி வந்துகொண்டே இருக்க வேண்டும். சுற்று தடைப்பட்டால் சிலிண்டர் ஹெட் கொதித்து வெடிப்பு விடும், எண்ணெய் கசியும், சுடுகிற உலோகத்தில் பட்டுப் பற்றிக்கொள்ளும். அடுப்படியில் நிற்கிற எவருக்கும் புரிகிற சமாசாரம்தான்.

ஃபோர்டு கம்பெனி 2012 நவம்பரில் அமெரிக்காவில் 1.6 லிட்டர் எஞ்சின் கொண்ட 'எஸ்கேப்' வண்டிகளைத் திரும்ப அழைத்தது. காரணம், எஞ்சின் சூடேறித் தீப்பிடிக்கலாம் என்பது. எஸ்கேப்பின் உடன்பிறப்பான 'கூகா'வுக்கும் 1.6 லிட்டர் எஞ்சின்தான். அது தென்னாப்பிரிக்காவில் எரிந்தது. ஒன்றல்ல, இரண்டல்ல, நாற்பதுக்கு மேல். அங்கே 4,556 வண்டிகளுக்கு அழைப்பு வந்ததோ 2017 ஜனவரியில்!

"விசாரணைக்கு அவகாசம் வேண்டாமா?" என்பார்கள். வேண்டும், ஐயா. ஆனால் அந்த அவகாசத்தில் வண்டியோட்டிப் போகிறவன் யார்? பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும் குடும்பஸ்தன் அல்லவா?

விற்கும்போது உலகமே ஒரு சந்தை. எரியும்போது மட்டும் தேசத்துக்கொரு நியாயமா? ஓரிடத்தில் எஞ்சின் சுடுகிறதென்று வண்டியை அழைத்தால், அந்த எஞ்சின் ஓடுகிற ஊருக்கெல்லாம் அன்றைக்கே எச்சரிக்கை போக வேண்டும். அப்படியொரு சட்டம் வேண்டும் என்கிறேன். பேராசையா இது?