ஒரே மணி, பல வகுப்பு!



"செல்போன் பார்த்தா டோபமைன் சுரக்கும், அதான் ஜாலியா இருக்கு" என்று எல்லாரும் சொல்கிறார்கள். டோபமைன் என்றால் மகிழ்ச்சி, அவ்வளவுதானா? இல்லை என்பதே என் கருத்து.

சாயங்காலம் பள்ளி மணி அடித்தால் ஆறாம் வகுப்பு பையைத் தூக்கிக்கொண்டு ஓடும். பத்தாம் வகுப்பு ஸ்பெஷல் கிளாஸில் உட்காரும். மணி ஒன்றுதான், கேட்கிற வகுப்புதான் வேறு. டோபமைனும் அப்படித்தான்!

மூளையின் வெளிப்பகுதியான பெருமூளைப் புறணியில் பெரும்பாலான நியூரான்கள் பிரமிடு வடிவம் கொண்டவை. இவை மற்ற செல்களைத் தூண்டும். மீதி உள்ளவற்றில் பெரும்பாலானவை, வகுப்புத் தலைவன் மாதிரி, "அமைதி, அமைதி" என்று அடக்கும். டோபமைன் வந்து ஒட்டும் ஏற்பிகள் டி1 முதல் டி5 வரை 5 வகை. டி1, டி5 இரண்டும் செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற பொருளைக் கூட்டும். மற்ற மூன்றும் அதைக் குறைக்கும். நெற்றிக்குப் பின்னால் உள்ள புறணியில் டி2-வை விட டி1 அதிகம். அதுவும் தூண்டும் செல், அடக்கும் செல் இரண்டிலும் இருக்கிறது! அப்புறம் எப்படி "ஜாலி" என்று ஒரே வார்த்தையில் முடிப்பது?

1979-ல் அமெரிக்காவில் பாட்ரீசியா கோல்ட்மன்-ராகிக் குழுவினர் குரங்குகளின் அந்தப் பகுதியில் டோபமைனைக் குறைத்தார்கள். சற்றுமுன் நடந்ததை மனசில் வைத்துக்கொள்ளும் திறமை வெகுவாகக் கெட்டது. 1998-ல் ஏமி ஆர்ன்ஸ்டனும் அவரும் குரங்குகளுக்குப் பலத்த சத்தம் கேட்க வைத்தார்கள். அப்போதும் அதே திறமை குறைந்தது! டோபமைனின் வேலையைத் தடுக்கும் மருந்து கொடுத்ததும் தேறியது. ஆக, குறைந்தாலும் ஆபத்து, மிஞ்சினாலும் ஆபத்து.

நாம குரங்கு இல்லைதான். ஆனால் அந்தப் புறணி நமக்கும் உண்டே! பரீட்சை எழுதுவதும் அதை வைத்துத்தானே?

எனவே ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். கேள்வித்தாள் வாங்கும் முதல் 5 நிமிடமாவது ஹாலில் அதட்டல் வேண்டாம். நண்பர்களே, உங்களுக்கும் ஒன்று. ஹால் வாசலில் நின்று "அது படிச்சியா, இது படிச்சியா"ன்னு கேட்டு அடுத்தவனைப் பதற வைக்காதீங்க. படித்தது நினைவுக்கு வர அவனுக்கும் கொஞ்சம் அமைதி வேண்டும்!

– பதினொன்றாம் வகுப்பு, அறிவியல் பிரிவு