சட்டம் போச்சு, சந்தேகம் போகலை



'ஜெய் பீம்' (2021) படம் போலீஸைக் கேவலப்படுத்துகிறது என்று நம்மில் சிலரே எழுதுகிறீர்கள். முதல் காட்சியை மறுபடி பாருங்கள். சிறையிலிருந்து வெளியே வருகிறவர்களிடம் சாதி கேட்டு, சிலரை மட்டும் ஒதுக்கி நிறுத்துகிறார்கள். இந்தப் பழக்கத்தை யார் கற்றுக்கொடுத்தது? 1871இல் வெள்ளைக்காரன் போட்ட குற்றப்பரம்பரைச் சட்டம். பிறப்பையே குற்றமாக்கிய சட்டம் அது. எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் மக்களை 1920இல் சுட்டுக் கொன்றார்கள். நாடு முழுக்க அது நீங்கியது 1952இல்.

ஏட்டில்தான் நீங்கியது. ஊரில் ஒரு நகை காணாமல் போனால், "அந்தச் சாதிக்காரன்தான் எடுத்திருப்பான்" என்று இன்றும் நாம்தானே முதலில் சொல்கிறோம்? போலீஸ் அதைக் கேட்டுத்தான் கிளம்புகிறது. படம் காக்கிச்சட்டையை மட்டும் குற்றம் சாட்டவில்லை. நம் வாயையும் சேர்த்துத்தான். பிள்ளைகள் காதுபட இனி அப்படிப் பேசாதீர்கள்.