ஓசித் தீவு வேண்டாம், சொந்தக் காசில் போவோம்



மே 5 வணிகர் தினத்திற்குக் கடையடைக்கிறோம். போராட்டம் என்றால் அடைக்கிறோம். தெருவில் சாவு விழுந்தால் ஷட்டரைப் பாதி இறக்குகிறோம். வீட்டாரை வெளியூர் அழைத்துப் போவதற்காக ஐந்து நாள் கடையடைத்தவர் நம்மில் எத்தனை பேர்? "கடையை யார் பார்ப்பது?" என்று சொல்லியே வயதை ஓட்டிவிடுகிறோம். நானும் அப்படி இருந்தவன்தான்.

இந்தக் குறையைக் கம்பெனிக்காரர்கள் நன்கு தெரிந்து வைத்திருக்கிறார்கள். "இத்தனை பெட்டி எடுத்தால் தீவுச் சுற்றுலா" என்று கடற்கரைப் படம் போட்டு சுற்றறிக்கை வருகிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு கம்பெனியின் ஸ்கீமில் நானும் விழுந்தேன். மேற்கிந்தியத் தீவுகள் என்றார்கள். டார்கெட்டை எட்ட நாலு லட்சத்துக்குக் கூடுதல் சரக்கு எடுத்தேன். ஆறு மாதம் குடோனில் கிடந்தது. மாதம் ஒன்றரை வட்டி என்றால் வட்டி மட்டும் 36,000 ரூபாய். டேட் முடியப்போகிறதே என்று அடக்க விலைக்கும் கீழே தள்ளிவிட்டது தனி. கடைசியில் வந்தது ஒருவருக்கான டிக்கெட். முப்பத்தைந்து வருடம் என்னோடு பொட்டலம் மடித்தவளை வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் போக மனம் வரவில்லை. போகவில்லை.

ஓசி என்று நினைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2022 ஜூலை 1 முதல், வியாபாரத்தில் ஒருவர் கொடுக்கும் இத்தகைய சலுகை வருடத்தில் 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீத வரிப் பிடித்தம் உண்டு. பயணத்தின் மதிப்பு நம் வருமானக் கணக்கிலும் ஏறும். மேற்கிந்தியத் தீவுகளுக்கு நேர் விமானமும் கிடையாது. மாறி மாறி ஏறி இறங்க வேண்டும். ஜூன் முதல் நவம்பர் வரை அங்கே புயல் காலம்.

தீவுதான் பார்க்க வேண்டும் என்றால் நம் அந்தமான் இருக்கிறது. சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டேகால் மணி நேரம்தான். பாஸ்போர்ட் வேண்டாம், ஆதார் போதும். கப்பலும் உண்டு, ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். குமட்டல் தாங்காதவர்கள் அதை நினைக்க வேண்டாம். போர்ட் பிளேருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர். டிக்கெட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் குழம்பாதீர்கள்.

எப்போது போவது? ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். நம் மேல்மலையனூரில் வியாபாரம் அமாவாசையை வைத்துத்தான் ஓடுகிறது. தேங்காய், எலுமிச்சை, கற்பூரம் எல்லாம் ஊஞ்சல் உற்சவத்தை நம்பித்தான். ஆகவே பொங்கல் வியாபாரமும் தை அமாவாசையும் முடிந்த மறுநாள் கிளம்புங்கள். மாசி மயானக் கொள்ளைக்குச் சரக்கு இறக்குவதற்குள் திரும்பிவிடலாம். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தேதி குறுக்கே வந்தால் கிளம்புமுன் ஆடிட்டரிடம் கணக்கைக் கொடுத்துவிடுங்கள்.

பத்து நாள் முன்பே கடை வாசலில் போர்டு வையுங்கள். தயிர், ரொட்டி போன்றவற்றை முன்கூட்டியே குறையுங்கள். அந்தமான் விமானங்கள் பெரும்பாலும் காலையில். செஞ்சி, திண்டிவனம் வழியாக நள்ளிரவே புறப்பட்டால்தான் தாம்பரம் நெரிசலில் மாட்டாமல் போகலாம்.

அங்கே மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. காலையில் சீக்கிரம் கிளம்புங்கள். செல்லுலார் சிறையில் ஏழு வரிசைக் கட்டிடங்களில் மூன்றுதான் இன்று நிற்கின்றன. பேரப்பிள்ளைகளுக்கு அவசியம் காட்டுங்கள். ஹேவ்லாக் தீவுக்கு, இப்போதைய பெயர் ஸ்வராஜ் தீவு, அரசுப் படகும் தனியார் படகும் போகின்றன. படகு டிக்கெட்டை முன்பே எடுங்கள். ஊர் திரும்பும் நாளுக்கு முதல் நாளே ஸ்ரீ விஜய புரம் வந்துவிடுங்கள். கடல் சீறினால் படகு நின்றுவிடும், விமானம் காத்திருக்காது.

முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் தண்ணீரில் கால் வைக்காதீர்கள். கரையில் கிடக்கும் பவளத்தைப் பொறுக்காதீர்கள். ஜாரவா பழங்குடியினரைப் படம் எடுப்பது குற்றம். 2020-ல் சென்னையிலிருந்து கடலடி கேபிள் போட்ட பிறகு செல்போன் வசதி கூடியிருக்கிறது. ஆனாலும் சிறு தீவுகளில் கையில் ரொக்கம் இருக்கட்டும். பேச்சுக்குக் கவலை இல்லை. தமிழர் நிறைய இருக்கிறார்கள். வெற்றிமலை முருகன் கோயிலும் உண்டு. அங்குள்ள மளிகைக் கடையில் விலையைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான சரக்கு கப்பலில் வர வேண்டிய ஊரில் நம் தொழிலை எப்படி நடத்துகிறார்கள் என்பது தெரியும். எனக்கு அதுவே பெரிய பாடம்.

போன தை மாதம் நாங்கள் போய் வந்தோம். கடை ஐந்து நாள் பூட்டிக் கிடந்தது. ஆறாம் நாள் திறந்தபோது மூன்று வாடிக்கைக் கடைக்காரர்கள் வேறிடத்தில் சரக்கு எடுத்திருந்தார்கள். இரண்டு பேர் அடுத்த வாரமே திரும்பிவிட்டார்கள். மூன்றாமவர் இன்னும் வரவில்லை. அந்த நஷ்டம் எனக்குச் சம்மதம்தான். கடற்கரையில் என் மனைவி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்ததை நான் பார்த்தேன்.

ஸ்கீமுக்காகப் பெட்டி அடுக்குவதை நிறுத்துவோம். அந்தப் பணத்தில் மாதம் கொஞ்சம் தனியே போட்டு வைப்போம். வருடத்தில் ஐந்து நாள் குடும்பத்துக்காகக் கடையடைப்பது என்று சங்கத்திலேயே தீர்மானம் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.