படம் தெளிந்தால் போதுமா?

வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள் பூமியைப் படம் எடுக்கிறது. படம் மங்கலாக இருந்தால்? கவலை இல்லை, கம்ப்யூட்டர் அதைத் தெளிவாக்கித் தந்துவிடும் என்கிறார்கள். இதற்கென்றே புதுப் புது மென்பொருள்கள் வந்துகொண்டிருக்கின்றன. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வரவேற்கலாமா?

ஒரு புள்ளி, இரண்டரை சென்ட்

ஐரோப்பிய நாடுகளின் 'சென்டினல்-2' செயற்கைக்கோள்கள் 2015-ம் ஆண்டு முதல் பூமியைப் படம் எடுத்து வருகின்றன. அந்தப் படங்களை எவரும் இலவசமாகப் பெறலாம். அவற்றில் மிக நுட்பமான படத்திலும் ஒரு புள்ளி என்பது 10 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். ஏறக்குறைய இரண்டரை சென்ட் நிலம் முழுவதும் ஒரே புள்ளி! அதற்குள் ஒரு பக்கம் நெல்லும் மறு பக்கம் கிணறும் இருந்தாலும், இரண்டும் கலந்து ஒரே நிறமாகத்தான் தெரியும்.

புதிய மென்பொருள்கள் இந்த ஒரு புள்ளியைப் பல புள்ளிகளாகப் பிரித்துக் காட்டுகின்றன. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒரே இடத்தைப் பல நாள் எடுத்த படங்களைச் சேர்த்து விவரம் திரட்டுவது ஒன்று. முன்பு பார்த்துப் பழகிய ஏராளமான படங்களைக் கொண்டு, "இங்கே இப்படித்தான் இருக்கும்" என்று வரைந்துவிடுவது மற்றொன்று. முன்னது கணக்கு, பின்னது ஊகம். வம்பு பின்னதில்தான்.

ஒபாமா முகம் மாறியது

2020-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக் கழக ஆராய்ச்சியாளர்கள் 'பல்ஸ்' என்ற கருவியை வெளியிட்டார்கள். மங்கலான முகத்திலிருந்து தெளிவான முகத்தை உண்டாக்குவது அதன் வேலை. முன்னாள் ஜனாதிபதி பராக் ஒபாமாவின் மங்கிய படத்தை அதில் கொடுத்துப் பார்த்தார்கள். வந்ததோ ஒரு வெள்ளைக்காரர் முகம்! படம் தெளிவாகத்தான் இருந்தது. ஆள்தான் வேறு.

முகத்துக்கு நேர்ந்தது வயலுக்கு நேராதா?

விவசாயி தலையில் விடியலாமா?

இது வெறும் விஞ்ஞான விவாதம் அல்ல. இந்தியாவில் பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ், நெல், கோதுமை விளைச்சல் மதிப்பீட்டில் குறைந்தது 30 சதவீதப் பங்கைச் செயற்கைக்கோள் முதலிய தொழில் நுட்பக் கணக்குக்குத் தர வேண்டும் என்று 2023 காரிப் பருவம் முதல் விதி வந்தது. நஷ்ட ஈடு கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் இப்படிப்பட்ட கணக்கில் இருக்கிறது. ஊகத்தால் மெருகேறிய படம் இந்தக் கணக்கில் புகுந்து, கருகிய பயிரைப் பச்சை என்று காட்டினால், அந்தப் பிழை விவசாயியின் மடியில் அல்லவா கை வைக்கும்?

மேகம் மறைத்த இடத்தைக் கண்டுபிடித்து, "இங்கே ஒன்றும் தெரியவில்லை" என்று குறித்து ஒதுக்கும் மென்பொருள்களும் இருக்கின்றன. பார்க்க அழகில்லைதான். ஆனால் அவை பொய் சொல்வதில்லை.

ஆகவே, தெளிவாக்கிய படத்தோடு அசல் படத்தையும் சேர்த்தே வைக்க வேண்டும். எது கண்டது, எது ஊகித்தது என்று படத்திலேயே குறிக்க வேண்டும். பணம், நிலம், நிவாரணம் சம்பந்தப்பட்ட முடிவு என்றால், ஒருவர் வரப்பில் இறங்கி நேரில் பார்த்தே ஆக வேண்டும்.

கருவி வளரட்டும். ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் அது கற்றுக்கொள்ளட்டும்!