பூட்டை மாற்றுவதா? நீதிமன்றப் படி ஏறுவதா?



வாடகை தராத குடியிருப்பாளர்மீது நான் வழக்குத் தொடுத்த செய்தி பரவிய நாளிலிருந்து இரண்டு வகையான குரல்கள் காதில் விழுந்தவண்ணம் உள்ளன.

“தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டு ஒரு தமிழ்க் குடும்பத்தை நீதிமன்றத்திற்கு இழுக்கலாமா?” என்பது முதல் குரல். “வழக்கு எதற்கு? மின்சாரத்தைத் துண்டியுங்கள், பூட்டை மாற்றுங்கள், நாலு பையன்களை அனுப்புங்கள். ஒரே நாளில் காலி செய்துவிடுவார்கள்!” என்பது இரண்டாம் குரல்.

இரண்டையும் நான் மறுக்கிறேன். ஏன் என்பதை விளக்கவே இவ்விடுகை.

நடந்தது இதுதான். அந்த வீடு கடனில் வாங்கியது. வாடகை வந்தாலும் வராவிட்டாலும் மாதந்தோறும் என் சம்பளத்தில் தவணை பிடிக்கப்படும். வாடகை 900 ரிங்கிட். எழுத்து ஒப்பந்தம் உண்டு. அதற்கு முத்திரைத் தீர்வையும் செலுத்தியாயிற்று. இரண்டு மாத வாடகை முன்பணம். ஓராண்டுக்குப் பின் வாடகை நின்றது. தொலைபேசி அழைப்புகளும் நின்றன. மூன்று மாதம் பொறுத்து, வழக்கறிஞர்வழி அறிவிக்கை அனுப்பி, ஒப்பந்தத்தை முடித்து, பின்னர்தான் வழக்குத் தொடுத்தேன்.

முதலில் இரண்டாம் குரலுக்கு மறுமொழி.

நம் நாட்டின் 1950ஆம் ஆண்டு ‘ஸ்பெசிஃபிக் ரிலீஃப்’ சட்டத்தின் 7(2)ஆம் பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? வாடகைக் காலம் முடிந்த பின்னும் ஒருவர் வீட்டைவிட்டுப் போகவில்லை என்றால், உரிமையாளர் நீதிமன்ற நடவடிக்கை வழியாக மட்டுமே வீட்டை மீட்க வேண்டும். வேறு வழி இல்லை. பூட்டை உடைப்பதும், குடியிருப்பவரின் பொருள்களை வெளியே எறிவதும் உரிமையாளரையே குற்றவாளிக் கூண்டின் பக்கம் நகர்த்திவிடும். “என் வீடு, என் பூட்டு” என்னும் வீராப்பு அங்கே எடுபடாது.

சட்டம் உரிமையாளரைக் கைவிட்டுவிடவும் இல்லை. 1956ஆம் ஆண்டுக் குடியியல் சட்டத்தின் 28(4)ஆம் பிரிவின்படி, காலம் கடந்தும் வெளியேறாதவரிடம் இரட்டிப்பு வாடகை கேட்கலாம். 1951ஆம் ஆண்டு ‘டிஸ்ட்ரஸ்’ சட்டத்தின்படி, நீதிமன்ற ஆணை பெற்று, வீட்டிலுள்ள பொருள்களைக் கைப்பற்றி வாடகைப் பாக்கியை ஈடுசெய்யலாம். அப்போதும் அக்குடும்பத்திற்குத் தேவையான உடைகளையும் படுக்கைகளையும் தொடக்கூடாது என்று அதே சட்டம் தடுக்கிறது. கடன்பட்டவனும் மனிதன்தான் என்பதைச் சட்டம் மறக்கவில்லை. அனுப்பச் சொல்கிறீர்களே, அந்த ‘நாலு பையன்கள்’... அவர்கள் இதை நினைத்துப் பார்ப்பார்களா?

இனி முதல் குரலுக்கு வருகிறேன்.

அக்குடும்பத்தில் தமிழ்ப்பள்ளியில் பயிலும் பிள்ளைகள் இருவர். அவர்களை நான் மறந்துவிட்டதாகச் சிலர் பேசுகின்றனர். உண்மை என்ன? ஐந்து மாதம் முகம் காட்டாத அந்தத் தந்தை, நீதிமன்ற வளாகத்தில்தான் முதன்முறையாக என்னெதிரே அமர்ந்து பேசினார். வேலை போனதையும் அங்கேதான் சொன்னார். பிள்ளைகளின் படிப்பு நடு ஆண்டில் தடைபடாதிருக்க, பள்ளி விடுமுறை தொடங்கியதும் வீட்டை ஒப்படைப்பது என்றும், பாக்கியைத் தவணையில் செலுத்துவது என்றும் இருவரும் இணங்கினோம். அதுவே நீதிமன்ற ஆணையாகப் பதிவானது.

சொன்ன நாளுக்கு முதல் நாளே சாவி என் கைக்கு வந்தது. தவணை மூன்று முறை வந்தது, பிறகு வரவில்லை. வழக்கறிஞர் கட்டணத்தையும் கணக்கில் சேர்த்தால் எனக்கு இழப்புதான். காத்திருந்த மாதங்கள் ஒன்பது. இது விரைவான வழி என்று நான் பொய் சொல்லமாட்டேன். வாடகை வழக்குகள் விரைந்து முடியவேண்டும் என்று யாரேனும் கோரிக்கை மனு எழுதினால் முதல் கையொப்பம் என்னுடையது!

ஆனாலும் கேட்கிறேன்: ‘நம்மவர்’ என்பதற்காக ஒருவர் வாடகை தராமல் இருக்கலாம், ‘நம்மவர்’ என்பதற்காக மற்றவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இது என்ன நியாயம்? இதன் விளைவை நாம் கண்டுகொண்டுதானே இருக்கிறோம்? வீடு வைத்திருக்கும் தமிழரே தமிழருக்கு வாடகைக்கு விடத் தயங்குகின்றனர். ஒழுங்காக வாடகை செலுத்தும் நூறு குடும்பங்கள் வீடு கிடைக்காமல் அலைகின்றன. வழக்குத் தொடுப்பது இனத் துரோகம் அன்று. கடன்பட்டதை மறைத்து ஓடுவதே இனத்திற்குத் தலைக்குனிவு.

ஆகவே, வீடு விடுவோரும் எடுப்போரும் எண்ணிப் பார்க்கவேண்டியவை மூன்று:

1. உறவினரே ஆனாலும் எழுத்து ஒப்பந்தம் செய்யுங்கள். முத்திரையிடப்படாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது.
2. வாடகையை வங்கிவழி செலுத்துங்கள், அல்லது பற்றுச்சீட்டு வாங்குங்கள்.
3. வருமானம் நின்றால் உடனே வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். மௌனம்தான் வழக்காக மாறுகிறது.

சபைகூடல்தோறும் நம் மாணவர்கள் ருக்குன் நெகாரா கோட்பாடுகளை உரக்கச் சொல்கின்றனர். அவற்றுள் நான்காவது, சட்டத்தின் மேலாண்மை. காலையில் அதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, மாலையில் பூட்டுடைக்க ஆள் தேடும் ஆசிரியரிடம் அந்தப் பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்?

சிந்திப்போம்!