மனை விற்பனைப் பலகைகள்

தேனியிலிருந்து போடிநாயக்கனூர் சென்று, முந்தல் வழியாக மலையேறுகிறவர்கள் இப்போது மலையைக் காண்பதற்கு முன் பலகைகளைக் காண்கிறார்கள். “வீட்டு மனைகள் விற்பனைக்கு”, “சொற்ப முன்பணம், சுலபத் தவணை”, “மலையடிவாரத்தில் பண்ணை நிலம்” என்ற வாசகங்கள். கீழே ஒரு டெலிபோன் நம்பர். பல பலகைகளில் அதற்கு மேல் ஒன்றுமில்லை. 2010-ம் வருஷக் கடைசியில் அகலப் பாதை வேலைக்காக நின்றுபோன ரயில், 2023 ஜூன் 15-ந் தேதி மறுபடியும் போடி ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தது. ரயில் வந்தால் நிலத்தின் விலை ஏறும்; விலை ஏறினால் பலகை முளைக்கும். ரயிலுக்கு முன்பே தரகர் வந்து இறங்கிவிடுவார் என்பது எந்த ஊருக்கும் பொருந்தும்.

இப்பலகைகளைப் பற்றி ஸ்தல ஸ்தாபனங்களின் விதிகள் இல்லாமலில்லை. 2023 ஏப்ரல் 13 முதல் அமுலுக்கு வந்திருக்கும் 1998-ம் வருஷத்து நகர்ப்புற ஸ்தல ஸ்தாபனச் சட்டத்தின்படி, நகராட்சி எல்லைக்குள் விளம்பரப் பலகை நிறுத்த லைசென்ஸ் வேண்டும். 2019 செப்டம்பர் 12-ந் தேதி சென்னைப் பள்ளிக்கரணையில் சாலை நடுவில் கட்டியிருந்த பேனர் சரிந்து விழ, ஸ்கூட்டரில் சென்ற இளம் பெண் ஒருவர் லாரிச் சக்கரத்தில் மாண்ட பிறகு, இவ்விஷயத்தில் ஜனங்களின் கோபமும் ஹைக்கோர்ட்டின் கோபமும் ஒன்றாயின. அது நியாயமான கோபமே. ஆனால் நம் விதிகள் பலகையை மரமும் துணியும் இரும்புமாகவே பார்க்கின்றன. எத்தனை அடி அகலம், சாலையிலிருந்து எவ்வளவு தூரம், காற்றுக்கு நிற்குமா என்று அளக்கின்றனவேயன்றி, அதில் எழுதியிருப்பதை வாசிப்பதில்லை. உறுதியான கம்பத்தில், உரிய தூரத்தில், கட்டணம் செலுத்தி நிறுத்திய பொய்க்கு முனிசிபாலிட்டியின் முத்திரை கிடைத்துவிடுகிறது.

பலகையை வாசிக்கும் சட்டம் வேறொன்று உண்டு. 2016-ம் வருஷத்திய ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் ‘விளம்பரம்’ என்பது எந்த வழியாக வெளியிடும் எந்த அறிவிப்பையும் குறிக்கும். சாலையோரப் பலகையும் அதில் அடக்கம். ஆணையத்தில் பதிவு செய்யாத மனைப்பிரிவை விளம்பரம் செய்தல் ஆகாது. செய்தால், திட்டச் செலவில் நூற்றுக்குப் பத்து வரை அபராதம். பதிவு செய்த பின்னரும் விளம்பரத்தில் பதிவு எண்ணும் ஆணையத்தின் இணைய முகவரியும் இருந்தே தீரவேண்டும். தவறினால் நூற்றுக்கு ஐந்து வரை அபராதம். இன்னும் முக்கியமானது 12-வது பிரிவு: விளம்பரத்திலுள்ள பொய்யை நம்பி முன்பணம் கொடுத்து நஷ்டமடைந்தவருக்கு ஈடு கொடுக்கவேண்டும், அவர் விலகிக்கொள்ள விரும்பினால் போட்ட பணம் முழுவதையும் வட்டியுடன் திருப்பவேண்டும். ஆகவே, அந்தப் பலகை சட்டத்தின் பார்வையில் ஒரு தஸ்தாவேஜு. இரவோடிரவாகப் பிடுங்கி எறியக்கூடிய தஸ்தாவேஜு என்பதுதான் சங்கடம்.

மற்றோர் ஓட்டையும் உண்டு. 500 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய 12.35 சென்ட்டுக்கு, மேற்படாத நிலத்துக்குப் பதிவு வேண்டியதில்லை. ஒரு ஏக்கரை ஒன்பது பெயர்களில் ஒன்பது துண்டாக்கினால் ஒவ்வொன்றும் பதினொரு சென்ட்டுச் சொச்சம். எதற்கும் எண் வேண்டாம் என்று வாதிக்க முன்வருவோர் இருக்கிறார்கள். நியாயஸ்தலத்தில் இந்த வாதம் நிற்காதென்பது நமது அபிப்பிராயம். ஆனால் விடியுமுன் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போய், சீட்டுப் பணத்தையும் தோட்டையும் சேர்த்து மூன்று சென்ட் வாங்க வருகிற கூலிப் பெண் நியாயஸ்தலத்தில் நிற்பதெப்போது?

இது வெறும் ஊகமன்று. தமிழ்நாடு ஒரு முறை அனுபவித்த துன்பம். “பஞ்சாயத்து அப்ரூவ்டு” என்று பலகையில் எழுதினால் போதும் என்ற காலம் ஒன்றிருந்தது. நகர ஊரமைப்பு இயக்குநரின் சம்மதமின்றிப் பஞ்சாயத்துத் தலைவர் போட்ட கையெழுத்துக்கு மதிப்பில்லை என்பதைப் பலகை சொல்லவில்லை. 2016 செப்டம்பர் 9-ந் தேதி அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவைச் சென்னை ஹைக்கோர்ட் தடுத்தது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவும் அவ்வருஷம் அக்டோபர் 20 முதல் அதையே விதித்தது. 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன. அந்த இடைக்காலத்தில் பெண்ணின் கலியாணத்துக்கென்று வைத்திருந்த மனையை விற்கமுடியாமல் தவித்தவர்கள் அநேகர். மனையைப் பிரித்து விற்றவர்களோ பணத்தை எண்ணிக்கொண்டு வெகு நாட்களாகிவிட்டன.

சமவெளியிலேயே இப்படியென்றால் சரிவில் நிலைமை இன்னும் சிக்கலானது. மலைக்கிராமம் என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் மனை பிரிக்க, 1990-ல் ஏற்பட்ட மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் இசைவும் வேண்டும். பண்ணை நிலம் என்று பெயரிட்டால் வீடு கட்டும் உரிமை தானே வந்துவிடாது. போடிமெட்டைத் தாண்டினால் ராஜ்யமே மாறுகிறது, சட்டமும் மாறுகிறது. அங்கே ஏலமலைக் காடு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்ற வழக்கு சுப்ரீம் கோர்ட்டில் இருக்கிறது. புதிய பட்டா வழங்கக்கூடாதென்று அந்தக் கோர்ட் 2024 அக்டோபரில் இடைக்கால உத்தரவு போட்டது. மலைமேலுள்ள நிலத்துக்குக் கீழே போடியில் பலகை வைத்தால், வாங்குகிறவர் எந்த ராஜ்யத்தின் எண்ணைத் தேடுவார்? மழைக்காலத்தில் இந்தச் சரிவுகள் என்ன செய்யும் என்பதையும் நாம் அறிவோம். 2020 ஆகஸ்ட் 6-ந் தேதி இரவு மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்தபோது மாண்ட 70 பேரில் மிகப் பெரும்பாலோர் நம் தமிழ்த் தொழிலாளரே. சரிவின் தன்மை மனை வாங்குகிறவனின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். பலகையிலோ ‘இயற்கைக் காட்சி’ என்ற இரண்டு சொற்கள்தான்.

பலகைகளையே தடுத்துவிட்டாலென்ன என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. அது சரியன்று. அமெரிக்காவில் நியூஜெர்ஸியைச் சேர்ந்த வில்லிங்பரோ என்ற ஊரில், நீக்ரோக்கள் குடியேறுகிறார்களென்ற பீதியில் வெள்ளையர்கள் வீட்டை விற்றுவிட்டு ஓடுவதைத் தடுக்க, வீட்டு வாசலில் ‘விற்பனைக்கு’ என்று பலகை வைக்கலாகாதென விதி செய்தார்கள். நோக்கம் நல்லதே. எனினும் உண்மையான செய்தியை ஜனங்களிடமிருந்து மறைக்க ஊராட்சிக்கு அதிகாரமில்லை என்று 1977-ல் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட் அவ்விதியை ரத்து செய்தது. நம் சுப்ரீம் கோர்ட்டும் 1995-ல் டாடா பிரஸ் வழக்கில் வியாபார விளம்பரமும் பேச்சுச் சுதந்திரத்தில் அடங்கும் என்றது. ஏமாற்றும் விளம்பரத்தைச் சர்க்கார் தடுக்கலாம் என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. இங்கிலாந்தில் விற்பனைக்குள்ள வீட்டின் முன் அரைச் சதுர மீட்டருக்கு மேற்படாத பலகை ஒன்றைத் தனி அனுமதியின்றி வைக்கலாம். விற்பனை முடிந்த 14 நாட்களுக்குள் எடுத்துவிடவேண்டும். சொந்த வீட்டை விற்கும் ஏழைக்கு அந்தச் சலுகை இங்கும் வேண்டும். அவர் திண்ணையில் சாக்கட்டியால் எழுதிவைத்ததை அழிக்க முனிசிபல் சிப்பந்தி வரவேண்டியதில்லை.

மனைப்பிரிவு வியாபாரிகளின் விஷயம் வேறு. போடி நகராட்சியும், மேலச்சொக்கநாதபுரம் முதலிய பேரூராட்சிகளும், அடிவாரத்துப் பஞ்சாயத்துகளும் இதற்காகப் புதுச் சட்டத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கவேண்டாம். விளம்பரம் செய்பவரிடம் கேட்கவேண்டியவை சில: ஆணையத்தின் பதிவு எண் எங்கே? இல்லையென்றால் ஏன் வேண்டியதில்லை? மனைப்பிரிவு அங்கீகார எண், சர்வே நம்பர், கிராமத்தின் பெயர் ஆகியவை பலகையில் தமிழில், விலை எழுதிய அளவு எழுத்திலேயே இருக்கின்றனவா? நிலம் மலைக்கிராமத்திலா, எந்த ராஜ்யத்தில்? இவற்றுக்கு எழுத்துமூலம் பதில் வாங்கி, பலகையின் படத்தையும் தேதியையும் சேர்த்து ஒரு ரிஜிஸ்தரில் ஒட்டிவைத்து, கேட்பவர்களுக்கு நகல் கொடுக்கவேண்டும். பலகையைப் பிடுங்கினாலும் ரிஜிஸ்தர் இருக்கும்; 12-வது பிரிவின் கீழ் வழக்காடுபவனுக்கு அதுவே சாட்சி.

கவுன்ஸிலர்களில் சிலர் தாங்களே மனை வியாபாரத்தில் ஈடுபட்டிருப்பதாகச் சொல்லி எந்த ஊரிலும் சிரிப்பதுண்டு. அப்படி யாரேனும் இருந்தால் இத்தீர்மானம் வரும் தினத்தில் எழுந்து வெளியே போய்விடுவது மரியாதை. கிராமங்களில் வேலை செய்யும் ஊழியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பலகையைக் கண்ட இடத்தில் சர்வே நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் குறித்துக்கொண்டு தாலுகா ஆபீஸில் விசாரியுங்கள், இல்லாவிட்டால் ஆணையத்துக்கு அன்றே எழுதுங்கள். அடுத்த பருவமழைக்கு முன் முந்தல் சாலையின் இரு புறத்துப் பலகைகளையும் இவ்விதம் ஒரு முறை வாசித்து முடித்துவிடலாம்.